திருவிழாவின் உரிமையும் பேரணியின் உரிமையும்: பத்துமலை வாயிலிலிருந்து ஒரு நோக்கு

மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதுவோர், நூல்கள் வெளிவந்த ஆண்டுகளையும் ஆசிரியர் பெயர்களையும் தவறாது குறிப்பிடுகின்றனர். அந்நூல்கள் எந்தச் சட்டத்தின் நிழலில் அச்சேறின, எந்த மண்டபத்தில் யாருடைய இசைவோடு வெளியீடு கண்டன, எவை வாசகனை அடையாமலே நின்றுபோயின என்னும் வினாக்கள் அவ்வரலாறுகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன. பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, ஒன்றுகூடும் உரிமை, சமய உரிமை ஆகியவை சட்டத்துறையினர்க்கு உரிய பொருள்கள் எனத் தமிழ்த்துறையினர் ஒதுங்கிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். தமிழில் எழுதுவதும் எழுதியதைக் கற்பிப்பதும் இவ்வுரிமைகளின்மீதே நிற்பதால் இவ்வொதுக்கம் பொருந்துவதாகத் தோன்றவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த சிலவற்றை முன்வைத்து இக்கட்டுரை ஒரு கருத்தை நிறுவ முற்படுகிறது. இந்நாட்டுத் தமிழர்க்கு மேற்கூறிய உரிமைகள் வழிபாட்டின் வடிவில் தாராளமாகவும் குடிமையின் வடிவில் மிகச் சுருக்கமாகவும் கிடைத்துள்ளன. அவ்வேறுபாட்டை ஆட்சியாளர் மட்டுமன்றித் தமிழராகிய நாமும் இயல்பானதென்று ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்பதே அக்கருத்தாகும்.

கிள்ளான், 1941

கருத்துரிமை மேலை நாட்டிலிருந்து வந்த சரக்கு என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டிருந்த காலத்தில், ஆசியச் சமூகங்களுக்கு இவ்வுரிமைகள் பொருந்துமா என்னும் வினாவை அங்குள்ளோர் என்னிடமும் எழுப்பியதுண்டு. வியப்பு என்னவெனில், அதே வினாவை இங்குள்ளோரும் எழுப்புகின்றனர். அதற்குரிய விடை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலேயே இருக்கிறது.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் அத்தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் தொடர்ந்து நிகழ்ந்தன. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அவற்றை வழிநடத்தியது. சங்கத்தின் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன், கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழின் துணையாசிரியர்களுள் ஒருவர். தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளின் பட்டியலைத் தொழிலாளர் வரலாற்றை ஆராய்ந்தோர் பதிவு செய்துள்ளனர். இந்தியத் தொழிலாளர்க்கும் சீனத் தொழிலாளர்க்கும் ஒரே கூலி வழங்கப்பட வேண்டும். கொடுமை இழைக்கும் பணியாளர் நீக்கப்பட வேண்டும். பிள்ளைகளுக்குத் தக்க கல்வியும் நோயாளிகளுக்குத் தக்க மருத்துவமும் வேண்டும். பெண்கள்மீதான அத்துமீறல் நிற்க வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடை மூடப்பட வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். துரையோ கிராணியோ எதிர்ப்படும்போது தொழிலாளி மிதிவண்டியைவிட்டு இறங்க வேண்டியதில்லை என்றாக வேண்டும். இவற்றோடு அதே பட்டியலில், பேச்சுரிமையும் கூடும் உரிமையும் வழங்கப்பட வேண்டும் என்பதும் இடம்பெற்றிருந்தது.

இலக்கியப் பனுவலொன்றை வாசிக்கும் கவனத்தோடு வாசிக்கத்தக்கது இப்பட்டியல். மிதிவண்டி பற்றிய கோரிக்கையை முதலில் காண்போர்க்கு அது சிறியதாகத் தோன்றலாம். கையில் காசு சேர்த்து வாங்கிய வண்டியிலிருந்து, ஒருவர் வருகிறார் என்பதற்காக இறங்கி நிற்பது உடலால் சொல்லும் பணிவு. வாயைத் திறவாதே என்பதும் நால்வர் கூடி நில்லாதே என்பதும் அப்பணிவின் வேறு வடிவங்களே. இம்மூன்றும் ஒரே கட்டளையின் பகுதிகள் என்பதை லயத்துவாசிகள் அறிந்திருந்தனர். பேச்சுரிமை கூலிக்கு அடுத்தபடியாகப் பார்த்துக்கொள்ளத்தக்க ஆடம்பரம் என்று பிற்காலத்துப் படித்தோர் பலர் கருதியதை எண்ணும்போது, தோட்டப் பாட்டாளிகளின் தெளிவு மேலும் விளங்கும். கூலி குறைவு என்பதைச் சொல்வதற்கே வாய் வேண்டும் அல்லவா?

நாதன் 1941 மே மாதம் கைதுசெய்யப்பட்டார். அதனை எதிர்த்துக் கூடிய தொழிலாளர்மீது படை ஏவப்பட்டது. சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். பத்திரிகையாளர் ஒருவர் தொழிலாளர் கூட்டத்தின் நாவாக இருந்ததையும், அந்நாவைப் பிடுங்கியவுடன் கூட்டத்தைக் கலைக்க வேண்டியிருந்ததையும் இங்கு ஒருங்கே காண்கிறோம். பத்திரிகை உரிமையும் கூடும் உரிமையும் பாடநூலில் தனித்தனிப் பத்திகளாக இருக்கலாம். கிள்ளானில் அவை பிரிந்திருக்கவில்லை.

அரசமைப்பின் இரு விதிகள்

1957இல் நடைமுறைக்கு வந்த கூட்டரசு அரசமைப்பு இவ்வுரிமைகளை இரண்டு விதிகளில் வைத்துள்ளது. பேச்சு, கருத்து வெளிப்பாடு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடுதல், சங்கம் அமைத்தல் ஆகியவை பத்தாம் விதியில் அமைந்துள்ளன. சமய உரிமை பதினொன்றாம் விதியில் அமைந்துள்ளது. இஸ்லாம் கூட்டரசின் சமயம் என்று கூறும் மூன்றாம் விதியே பிற சமயங்களும் அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றப்படலாம் என்று உறுதிகூறுகிறது.

இரண்டு விதிகளின் மொழிநடையில் வேறுபாடு உண்டு. பதினொன்றாம் விதியின் உரிமை எல்லா மனிதர்க்கும் உரியது. முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்பதும், பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் ஆகியவை பற்றிய பொதுச்சட்டங்களை மீறலாகாது என்பதும் அதன் வரம்புகள். பத்தாம் விதியின் உரிமையோ குடிமக்களுக்கு மட்டும் உரியது; நாடாளுமன்றம் தேவையென்றும் ஏற்றதென்றும் கருதும் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. 1969 மே 13 கலவரத்திற்குப் பின்னர், 1971இல் செய்யப்பட்ட திருத்தம் குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர் சிறப்புநிலை, ஆட்சியாளர் இறைமை ஆகியவற்றை வினவுவதையே சட்டத்தால் தடைசெய்ய வழிவகுத்தது. காலனியாட்சி 1948இல் இயற்றிய தேச நிந்தனைச் சட்டம் விடுதலைக்குப் பின்னும் நின்றது. 1987இல் ஓப்பராசி லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்துவைக்கப்பட்டதையும், நாளிதழ்களின் உரிமங்கள் பறிக்கப்பட்டதையும் இங்கு விரிக்க வேண்டியதில்லை. நம் வினாவுக்கு வேண்டியது இவ்விரு விதிகளுக்கும் இடையிலான இடைவெளிதான். அவ்விடைவெளியைக் கண்ணால் காணத்தக்க இடம் ஒன்று உண்டு. அதுவே பத்துமலை.

ஒரே வாயில், இரு கூட்டங்கள்

செலாயாங் நகராண்மைக் கழகத்தின் எல்லைக்குள் அமைந்துள்ள பத்துமலையில் 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் தேவஸ்தானத்தின் பொறுப்பில் உள்ள இத்தலத்தில் 272 படிகளும் 2006இல் எழுப்பப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும் உலகறிந்தவை. செலாயாங்கில் வாழ்வோர்க்குத் தைப்பூசம் என்பது நாள்காட்டியில் வருமுன்னரே சாலையில் வந்துவிடும். நெடுஞ்சாலைத் தடுப்புகள், தண்ணீர்ப்பந்தல், இரவெல்லாம் உறுமியொலி, சிறப்பு ரயில், ஒழுங்குபடுத்தக் காவலர் என அரசின் உறுப்புகள் அனைத்தும் இலட்சக்கணக்கானோர் கூடுவதற்குத் துணைநிற்கின்றன. இதனைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றியன்று. பல நாடுகளில் சிறுபான்மையினர் விழாவுக்கு இத்தகைய இடம் கிடைப்பதில்லை.

2007 நவம்பர் 25ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், அதே வளாகத்தில் வேறொரு கூட்டம் இருந்தது. கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் அன்று இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தை நோக்கி இண்ட்ராஃப் அழைப்பு விடுத்திருந்த பேரணியில் கலந்துகொள்ள வந்தோர் அவர்கள். பேரணிக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. நீதிமன்றத் தடையாணையும் பெறப்பட்டிருந்தது. மூடிய வாயிலுக்குள் இருந்தோர்மீது நீர் பீய்ச்சப்பட்டது. கண்ணீர்ப்புகைக் குண்டுகள் வீசப்பட்டன. நகரின் மையத்திலும் அன்று அதுவே நிகழ்ந்தது. பேரணியில் வந்தோருள் பலர் காந்தியடிகளின் படத்தை ஏந்தியிருந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 13 அன்று பி. உதயகுமார், மு. மனோகரன், வி. கணபதிராவ், ஆர். கெங்காதரன், த. வசந்தகுமார் ஆகிய ஐவர் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டனர். அவர்களுள் மனோகரன், தடுப்புக்காவலில் இருந்தவாறே 2008 மார்ச் தேர்தலில் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். ஐவரும் 2009இல் விடுவிக்கப்பட்டனர். 2008 அக்டோபரில் சட்டவிரோத அமைப்பென அறிவிக்கப்பட்ட இண்ட்ராஃப்மீதான தடை 2013 ஜனவரியில்தான் நீங்கியது.

இண்ட்ராஃப் தன் வேண்டுகோள்களில் கையாண்ட மிகைச்சொற்கள் அனைத்தையும் இக்கட்டுரையாளர் ஏற்கவில்லை. வறுமையைக் குறிக்க இனவழிப்பின் சொற்களைக் கடன்வாங்கும்போது இரண்டுமே பொருளிழக்கின்றன. ஆயினும் மிகையாகப் பேசுவோன் பேசட்டும் எனவிட்டு, பேசியதை மறுப்பதே நாகரிகச் சமூகத்தின் வழி. வாயை அடைத்த பின்னர் அவன் கூறியது மிகையா உண்மையா என்று அறியும் வாய்ப்பும் அடைபட்டுவிடுகிறது.

அப்பேரணிக்கு உடனடித் தூண்டுகோலாக இருந்தவற்றுள் ஒன்று சமயம் சார்ந்தது என்பதை மறத்தலாகாது. 2007 அக்டோபர் 30 அன்று, தீபாவளிக்குச் சில நாள்களே இருந்தபோது, ஷா ஆலம் பாடாங் ஜாவாவிலிருந்த மகாமாரியம்மன் ஆலயம் இடிக்கப்பட்டது. வழிபாட்டு உரிமை நமக்குக் குறைவின்றி உண்டு என்று நம்பியிருந்தோர், அவ்வுரிமை காவலின்றி நிற்பதை அன்று கண்டனர். கோயிலைக் காக்கக் கூட வேண்டும். கூடியதைச் செய்தியாக்கப் பத்திரிகை வேண்டும். பத்திரிகை அஞ்சாமல் எழுத வேண்டும். பதினொன்றாம் விதியின் கூரை பத்தாம் விதியின் தூண்களில் நிற்கிறது.

இந்நிகழ்வுகளுக்குப் பின்னர் 2008 ஜனவரியில் அன்றைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி, கோலாலம்பூரிலும் புத்ராஜெயாவிலும் தைப்பூசத்தைப் பொது விடுமுறையாக அறிவித்தார். நம்மிடையே அதனை வரவேற்றோர் மிகப் பலர், வரவேற்கத்தக்கதே. எனினும் கேட்டதற்கும் கொடுத்ததற்கும் உள்ள உறவைத் திறனாய்வாளன் நோக்க வேண்டும். குடிமக்களாகக் கூடி முறையிட வந்தோர்க்குப் பக்தர்களாகக் கூடுவதற்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது.

2012ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம் இவ்வுறவை எழுத்தில் வடித்தது. அச்சட்டத்தின் அட்டவணைகளை மாணவர்க்கு வாசித்துக்காட்டினால் அவர்கள் முதலில் நகைப்பர், பிறகு அமைதியாகிவிடுவர். சமயக் கூட்டங்கள், இறுதி ஊர்வலங்கள், திருமண விருந்துகள், விழாக்காலத் திறந்த இல்ல உபசரிப்பு ஆகியவற்றுக்குக் காவல்துறையிடம் முன்னறிவிப்புத் தேவையில்லை. பதினைந்து வயது நிரம்பாத பிள்ளைகள் சமயக் கூட்டத்தில் பங்குகொள்ளலாம். கோரிக்கைப் பேரணியில் பங்குகொள்ளலாகாது. கூட்டம் நடத்தலாகாத இடங்களின் பட்டியலில் அணைக்கட்டு, பெட்ரோல் நிலையம், மருத்துவமனை, விமான நிலையம், பள்ளி ஆகியவற்றோடு வழிபாட்டு இல்லமும் சேர்க்கப்பட்டுள்ளது. பத்துமலை வளாகத்தில் காவடியோடு கூடுவோர் எவர்க்கும் அறிவிக்க வேண்டியதில்லை. கோரிக்கை மனுவோடு கூடுவோர் அவ்விடத்தை அணுகவே கூடாது. 2007இல் கண்ணீர்ப்புகை கூறியதை இச்சட்டம் நிருவாக மொழியில் கூறுகிறது.

இச்சட்டத்தை நீதிமன்றங்கள் வினவாமலில்லை. முன்னறிவிப்புக் கொடாமையைக் குற்றமாக்கும் பகுதி அரசமைப்புக்கு முரணானது என்று 2014இல் நிக் நஸ்மி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2015இல் ஆர். யுனேஸ்வரன் வழக்கில் மாறாகத் தீர்ப்பளித்தது. பத்தாண்டு கழித்து, 2025 ஜூலை முதல் நாள், கூட்டரசு நீதிமன்றம் அப்பகுதி செல்லாதென அறிவித்தது. இத்தீர்ப்புக்கு வழிவகுத்த வழக்குகளுள் நம்மவர் பெயர் ஒன்றும் இருப்பதைத் தமிழ் நாளிதழ்கள் இன்னும் விரிவாக எடுத்துரைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஒவ்வோராண்டும் நாம் கற்பிக்கும் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை இவ்விடத்தில் நினைவுகூரலாம். தலைவிரி கோலமாக, ஒற்றைச் சிலம்போடு வாயிலில் வந்து நிற்கும் கண்ணகியைக் கண்டு வாயிற்காவலன் அஞ்சுகிறான். அஞ்சியபோதும் அவளைத் துரத்தவில்லை. உள்ளே சென்று அறிவிக்கிறான். அரசனும் வரவிடுமாறு பணிக்கிறான்; யார் என வினவுகிறான்; அவள் அவையில் நின்று அரசனைப் பிழைசெய்தவன் என்று கூறக் கேட்கிறான். கற்பின் திறம், ஊழ்வினை, அரசியல் அறம் எனப் பல தலைப்புகளில் இக்காட்சியை விளக்குகிறோம். ஆதரவற்ற அயலூர்ப் பெண்ணொருத்திக்கு வாயில் திறக்கப்பட்டது என்னும் எளிய செய்தியை விட்டுவிடுகிறோம். பாண்டியன் ஆராயாது கொன்ற பிழை பெரிது. ஆனால் அப்பிழை வெளிப்பட்டதே வாயில் திறந்திருந்தமையால்தான்.

மன்னிப்புக்குப் பின் வந்த தண்டனை

பத்திரிகை உரிமைக்கு வருவோம். 2007 ஆகஸ்டில் மக்கள் ஓசை நாளிதழ் தன் முதற்பக்கத்தில் வெளியிட்ட படமொன்றில் இயேசுநாதரின் கையில் சிகரெட்டும் பானக் குவளையும் காணப்பட்டன. கிறித்துவர் மனம் புண்பட்டது இயல்பே. நாளிதழ் மன்னிப்புக் கோரியது. கோலாலம்பூர்ப் பேராயர் மர்பி பாக்கியம் அம்மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். அதன் பின்னரும் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு நாளிதழை ஒரு மாதம் நிறுத்திவைத்தது. புண்படுத்தியவனும் புண்பட்டவனும் இணங்கிய பின்னர் எஞ்சியிருந்த குற்றம் யாது? 1984ஆம் ஆண்டின் அச்சு இயந்திரங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டம் அவ்வினாவுக்கு விடை கூற வேண்டிய கடப்பாட்டை அமைச்சர்க்கு அன்று வைக்கவில்லை. மறு ஆண்டு, 2008 ஏப்ரலில், பொதுத்தேர்தலில் எதிர்க்கட்சிச் செய்திகளுக்கு இடமளித்திருந்த அதே நாளிதழின் ஆண்டு உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. எதிர்ப்பு எழுந்தபின் சில நாள்களில் உரிமம் மீண்டும் கிடைத்தது.

ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கும் முறை 2012இல் நீங்கியது. ஆயினும் உரிமம் வேண்டும் என்னும் நிலை நீங்கவில்லை. ஆண்டுக்கொருமுறை வாசற்படியில் காத்துநின்ற பழக்கம் எழுத்தில் படிந்துவிடுகிறது; உரிமமுறை மாறினும் நடை மாறுவதில்லை. நம் நாளிதழ்களின் தலையங்கங்களில் அமைச்சர் எப்போதும் மாண்புமிகுவாகவும் கோரிக்கை எப்போதும் வேண்டுகோளாகவும் இருப்பதை மொழிநடை ஆய்வு செய்வோர் கவனிக்கலாம். ஆசிரியர் கைதாகும் அளவுக்கு 1941இல் எழுந்து நின்ற தமிழ் நேசன், பிற்காலத்தில் ஆளுங்கூட்டணியின் இந்தியக் கட்சித் தலைமைக்கு நெருங்கிய குடும்பத்தின் உடைமையாகி, 2019இல் தன் 95 ஆண்டு வாழ்வை முடித்துக்கொண்டது. அதனை எந்தத் தடையாணையும் நிறுத்தவில்லை. வாசகர் குறைவும் இழப்புமே நிறுத்தின.

நூல்கள் வேறு வகையில் மறைகின்றன. 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவை அடுத்த கம்போங் மேடானில் நிகழ்ந்த இனமோதலில் ஆறு உயிர்கள் போயின. அதனைப் பற்றிக் கா. ஆறுமுகம் தமிழில் எழுதிய 'மார்ச் 8' என்னும் நூல் மேற்கூறிய 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தடைசெய்யப்பட்டது. தமிழில் எழுதப்பட்ட நூலொன்று தமிழறியாத பெரும்பான்மையினரிடையே எங்ஙனம் கலகம் விளைக்கும் என்பது விளங்கவில்லை. ஒருவேளை நம் நூல்களை ஒரு வரியும் விடாமல் வாசிக்கும் வாசகர் அமைச்சின் அலுவலகத்தில்தான் இருக்கிறார் போலும்.

நாம் கேட்ட தடை

இதுவரை கூறியவற்றில் நாம் இழந்தவர்களாகவே தோன்றுகிறோம். மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். அப்துல்லா ஹுசேனின் 'இண்டர்லோக்' என்னும் மலாய் நாவல் 1971இல் வெளிவந்தது. மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் மூன்றின் கதை வழியே விடுதலைக்கு முந்திய மலாயாவைக் காட்ட முற்படும் படைப்பு அது. மாணவர்க்கெனச் சுருக்கப்பட்ட பதிப்பு 2011இல் சிலாங்கூர், கோலாலம்பூர் உள்ளிட்ட பகுதிகளின் ஐந்தாம் படிவத்திற்குப் பாடநூலாக வந்தபோது, மணியம் என்னும் பாத்திரத்தின் சாதியைக் குறிக்க அதில் ஆளப்பட்ட ஒரு சொல் பெருங்கொந்தளிப்பை எழுப்பியது. ஆண்டிறுதியில் நூல் பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது.

கட்டாயப் பாடநூலை மறுப்பது வேறு. ஒரு நாவலையே இல்லாமலாக்கக் கோருவது வேறு. வகுப்பறையில் ஒரு பிள்ளை அச்சொல்லால் இகழப்படும் என்று அஞ்சிய பெற்றோரின் குரல் முற்றிலும் நியாயமானது. அதுவும் கருத்துரிமையின் வெளிப்பாடே. ஆனால் அக்குரலோடு கலந்து, நூலைத் தடைசெய், எரி என்னும் குரல்களும் எழுந்தன. நான்காண்டுகளுக்கு முன்பு நம் நாளிதழை நிறுத்திய அதே அமைச்சரதிகாரத்தை நமக்கு உதவியாக நாமே அழைத்தோம்.

மேலும் ஒன்றைக் கூற வேண்டும். இது சிலர்க்கு உவப்பாக இராது. அச்சொல் மலாய் மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் சென்றது தமிழிலிருந்துதான். அதன் இழிபொருளைப் படைத்தவர் மலாய் நாவலாசிரியர் அல்லர். நம் ஊர்களும் நம் தோட்டத்து லயங்களின் வரிசைகளும் நம் மணமேடைகளுமே அதனைப் படைத்துப் பேணின. நாவலில் தென்னிந்தியச் சமூகம் பற்றிய பிழைகள் உள்ளன. அவற்றை எடுத்துக்காட்டி மலாய் மொழியிலேயே விரிவான மறுப்பு எழுதியிருக்க வேண்டியவர்கள் இந்திய ஆய்வியல் துறைகளைச் சார்ந்த நாம். அவ்வாண்டு அறிக்கைகள் குவிந்த அளவுக்கு நாவல் வாசிக்கப்பட்டதா என்பது ஐயமே. சாதி பற்றிய உரையாடல் தொடங்கியிருக்கக்கூடிய ஒரு வாய்ப்பு, நூல் அலமாரியிலிருந்து அகன்றதோடு அகன்றது. நூலைத் திரும்பப் பெறுதல் எல்லார்க்கும் வசதியாக இருந்தது, நமக்குந்தான்.

மண்டபமும் மேடையும்

வெளியிலிருந்து வரும் தடையைக் காட்டிலும் நாமே பழகிக்கொண்ட தடை நுண்மையானது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் நூல் வெளியீடுகளும் இலக்கியக் கூட்டங்களும் பெரும்பாலும் ஆலய மண்டபங்களிலேயே நடைபெறுகின்றன. வாடகை குறைவு, உணவுக்கும் வண்டி நிறுத்தவும் இடமுண்டு. செலாயாங் வட்டாரத்தில் அத்தகைய மண்டபமொன்றை ஒரு கருத்தரங்குக்காகக் கேட்டபோது, அரசியலும் சமய விமர்சனமும் பேசப்படமாட்டா என்று படிவத்தில் கையொப்பமிடுமாறு நிருவாகத்தினர் கூறினர். அவர்கள்மீது குறையில்லை. நிலப்பட்டா, பதிவு, மானியம் என அவர்கள் அஞ்சுவதற்குக் காரணங்கள் உள்ளன. அன்றைய கருத்தரங்கின் பொருள் பாரதியின் உரைநடை. அரசியலும் சமய விமர்சனமும் இன்றிப் பாரதியின் உரைநடையில் எஞ்சுவது யாது என்று ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர் கேட்டார், நாங்கள் கையொப்பமிட்டோம், பேச வந்தவர்கள் பேச வேண்டியதைப் பேசினர். தேநீர் வேளையில் நிருவாகத்தினரும் வந்து கேட்டுக்கொண்டிருந்தனர்.

பள்ளிகளில் நிலை இன்னும் வருந்தத்தக்கது. பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராகச் செல்லும் ஆசிரியப் பெருமக்கள் இதனை நன்கறிவர். ஆசிரியர் எழுதித் தந்ததை மாணவர் மனனம் செய்கிறார். ஏற்ற இறக்கம், கையசைவு எல்லாம் பயிற்றுவிக்கப்படுகின்றன. ஒரு சொல் மறந்தால் பேச்சே நின்றுவிடுகிறது. தமிழ் உச்சரிப்பைப் பேணுவதில் இப்போட்டிகளுக்குப் பங்குண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பிறர் எழுதியதை ஒப்புவிப்பதற்குப் பேச்சு என்று பெயரிட்டுப் பரிசளிக்கும்போது, சொந்தக் கருத்தைத் தட்டுத்தடுமாறிக் கூறும் பிள்ளைக்கு மேடையில்லை என்பதையும் சேர்த்தே கற்பிக்கிறோம். அப்பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னும் கருத்தரங்கில் வினா எழுப்பத் தயங்குவதைக் கண்டு சட்டத்தைக் குறைகூறுகிறோம். மாணவர் அரசியலில் ஈடுபடுவதைத் தடுத்த பல்கலைக்கழகச் சட்டப்பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று 2011 அக்டோபர் 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வாய் திறக்க அஞ்சும் பழக்கத்தை ரத்துசெய்யும் நீதிமன்றம் எதுவும் இல்லை.

எவர்க்கு உரியது?

தொடக்கத்தில் சுட்டிய இரண்டு விதிகளின் வேறுபாட்டுக்கு மீண்டும் வர வேண்டும். பத்தாம் விதி குடிமக்களுக்கு மட்டும் உரியது என்பது பாடநூலில் ஒரு வரியாகக் கடந்துபோகிறது. நம் சமூகத்தில் அவ்வரிக்கு முகங்கள் உண்டு. இம்மண்ணிலேயே பிறந்து, தோட்டத்தில் மரம் சீவி, இன்றும் சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் முதியோர் உள்ளனர். பிறப்புப் பதிவின்றி எந்த அட்டையும் இல்லாதோரும் உள்ளனர். அவர்களுள் ஒருவர் பால்குடம் ஏந்திப் பத்துமலைப் படியேறலாம்; அவ்வுரிமையை எல்லா மனிதர்க்கும் என்னும் சொல்லால் அரசமைப்பு காக்கிறது. அதே முதியவர், தமக்குக் குடியுரிமை வேண்டுமென்று கோரும் பேரணியில் கலந்துகொள்வதற்குப் பத்தாம் விதியின் காவல் இல்லை. குடிமக்கள் அல்லாதோர் பேரணி நடத்துவதையும் அதில் பங்குகொள்வதையும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக ஏற்கவில்லை. குறையுள்ளவர் குறையைக் கூறத் தகுதியற்றவர் என்றாகிறது.

1941இல் கிள்ளானில் கோரிக்கைப் பட்டியலை வகுத்தோரை இவ்விடத்தில் மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். மலாயாக் கூட்டரசின் குடியுரிமை என்னும் ஏற்பாடே 1948இல்தான் தோன்றியது. சிலாங்கூர் சுல்தானின் குடிகளாகவும் அவர்கள் கருதப்படவில்லை. கப்பலேறி வந்த கூலிகள் என்பதே அரசுக் கோப்புகளில் அவர்களுக்கு இருந்த பெயர். பேச்சுரிமையும் கூடும் உரிமையும் வேண்டும் என்று இந்நாட்டில் தமிழில் கேட்ட அத்தொழிலாளருள் ஒருவரும், இன்றைய பத்தாம் விதியின்படி, அவற்றைக் கேட்கத் தகுதியுடையவர் அல்லர்.